அமெரிக்கா விழுங்கிய மெக்சிகோவின் வடக்கை, அங்கே இருந்த மக்கள் பக்கமிருந்து படிப்பது எப்படி

1846–48இல் நடந்த மெக்சிகோ–அமெரிக்கப் போர் பற்றித் தேடினால் முதலில் வந்து விழுவது ஒரு வண்ண வரைபடம். டெக்சாஸ் ஒரு நிறம், கலிபோர்னியாவிலிருந்து நியூ மெக்சிகோ வரை இன்னொரு நிறம், கீழே ஒட்டுப்போட்டதுபோல ஒரு சின்னத் துண்டு. பக்கத்தில் 1845, 1848, 1853 என்று ஆண்டுகள். அதைப் பார்த்துவிட்டு நாலு தளபதிகளின் பெயரையும் நாலு போர்க்களங்களையும் தெரிந்துகொண்டால் விஷயம் முடிந்துவிட்டது போலத்தான் இருக்கும். அந்த நிறங்களுக்குள் வீடு, வயல், ஆட்டுமந்தை, முன்னோர் கல்லறை என்று வாழ்ந்துகொண்டிருந்த எண்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரையிலான மெக்சிகோ மக்கள் என்ன ஆனார்கள், என்ன செய்தார்கள் என்று கேட்டால் வரைபடத்தில் பதில் இல்லை.

அந்தப் பதிலைத் தேடிப் படிக்க நினைப்பவர்களுக்குத்தான் இந்தக் குறிப்பு. என் வாதம் இதுதான்: கொடி மாறியது சில மாதங்களில், நிலம் கைமாற ஐம்பது வருடத்துக்கு மேல் ஆனது, மக்கள் உண்மையில் அனுபவித்தது அந்த ஐம்பது வருடத்தை. அதனால் 1848இல் புத்தகத்தை மூடாதீர்கள்.

முதலில் ஒரு ஊரைப் பிடியுங்கள்

"மெக்சிகோ மக்கள் இதை எப்படி எதிர்கொண்டார்கள்" என்று மொத்தமாகக் கேட்டால் மொத்தமான, உபயோகமில்லாத பதில்தான் கிடைக்கும். சான் அன்டோனியோவில் நடந்தது வேறு, சாண்டா ஃபேயில் நடந்தது வேறு, லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது முற்றிலும் வேறு. டெக்சாஸில் 1836க்குள்ளேயே வெள்ளையர் குடியேற்றம் தெஹானோ எனப்படும் உள்ளூர் மெக்சிகோ மக்களைப் பல மடங்கு மிஞ்சிவிட்டது. கலிபோர்னியாவில் 1848 ஜனவரி 24 அன்று தங்கம் கிடைத்தது, போரை முடித்த ஒப்பந்தம் கையெழுத்தானது பிப்ரவரி 2. இடையில் ஒன்பதே நாள், அதற்குப் பிறகு வந்த கூட்டத்தில் வடக்குக் கலிபோர்னியாவின் பழைய குடும்பங்கள் காணாமல் போயின. நியூ மெக்சிகோவில்தான் மெக்சிகோ மக்களின் ஜனத்தொகை அதிகம், பல பத்தாண்டுகளுக்குப் பெரும்பான்மையும் அவர்களே, அதனால் அங்கே தேர்தலில் ஓட்டுப் போட்டு ஜெயிக்கவும் முடிந்தது, ஜெயித்தபிறகும் நிலத்தை இழக்கவும் முடிந்தது.

ஆகவே ஒரு ஊரையோ ஒரு குடும்பத்தையோ எடுத்துக்கொண்டு, 1836 முதல் 1900 வரை அதை மட்டும் பின்தொடருங்கள். யோசனை வேண்டுமென்றால் சான் அன்டோனியோவின் ஹுவான் செகினிலிருந்து தொடங்கலாம். 1836இல் மெக்சிகோவிடமிருந்து டெக்சாஸ் பிரிந்தபோது, அந்த விடுதலைக்காக சான் ஹசின்டோ களத்தில் தெஹானோ படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவர், பிறகு அந்த ஊரின் மேயர். 1842இல், மெக்சிகோவுக்கு உளவு சொல்பவர் என்ற பழியும் கொலை மிரட்டலும் துரத்த, குடும்பத்தோடு எல்லை தாண்டி ஓடினார், அங்கே போனதும் மெக்சிகோ ராணுவத்தில் சேர்ந்து டெக்சாஸுக்கு எதிராகவே வரவேண்டியதாயிற்று. 1858இல் வெளியிட்ட தன் நினைவுக் குறிப்பில், பிறந்த மண்ணிலேயே நான் அந்நியன் ஆனேன் என்று எழுதினார். வெள்ளையரோடு சேர்ந்து நின்றவருக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களுக்கு என்ன என்ற கேள்வியோடு மேலே போகலாம்.

போர் மாதங்களை வேகமாகக் கடந்து விடுங்கள், ஆனால் இரண்டு இடத்தில் நில்லுங்கள்

ஒன்று நியூ மெக்சிகோவின் டாவோஸ். 1846 ஆகஸ்ட் 18 அன்று அமெரிக்க ஜெனரல் கேர்னி ஒரு குண்டும் சுடாமல் சாண்டா ஃபேக்குள் நுழைந்தார், மெக்சிகோவின் ஆளுநர் அர்மிஹோ முன்பே தெற்கே போய்விட்டார். இதை வைத்து "நியூ மெக்சிகோ சண்டையில்லாமல் பணிந்தது" என்று பல புத்தகங்களில் எழுதியிருக்கும். அடுத்த ஐந்து மாதத்தில், 1847 ஜனவரி 19 அன்று, டாவோஸில் மெக்சிகோ மக்களும் பக்கத்து புவெப்லோ பழங்குடிகளும் சேர்ந்து எழுந்து, அமெரிக்கா நியமித்த ஆளுநர் சார்லஸ் பென்ட்டை அவர் வீட்டிலேயே கொன்றார்கள். பதிலுக்கு வந்த படை, மக்கள் அடைக்கலம் புகுந்திருந்த டாவோஸ் புவெப்லோ தேவாலயத்தைப் பீரங்கியால் உடைத்தது, சுமார் 150 பேர் இறந்தார்கள். மோரா என்ற ஊரும் தரைமட்டமானது.

அதற்குப்பின் நடந்த விசாரணையைக் கட்டாயம் விவரமாகப் படியுங்கள். குற்றச்சாட்டு சிலர்மேல் கொலை, சிலர்மேல் தேசத்துரோகம். எந்த தேசத்துக்குத் துரோகம்? ஒப்பந்தமே கையெழுத்தாகாத நேரம், அவர்கள் சட்டப்படி மெக்சிகோ குடிமக்கள். நீதிபதிகளில் ஒருவரின் மகன் அந்தக் கிளர்ச்சியில் கொல்லப்பட்டவன். குற்றம் சாட்டும் ஜூரிக்குத் தலைவர், கொலையுண்ட ஆளுநரின் தம்பி. பத்துப் பேருக்கும் மேல் தூக்கிலிடப்பட்டார்கள். தேசத்துரோகக் குற்றச்சாட்டு பொருந்தாது என்று வாஷிங்டனே பிறகு சொன்னது, தூக்கில் தொங்கியவனுக்கு அதனால் என்ன பயன்.

இன்னொன்று தெற்குக் கலிபோர்னியா. லாஸ் ஏஞ்சலஸை முதலில் எளிதாகப் பிடித்த அமெரிக்கப் படை ஊரில் ஊரடங்கு, தடை என்று கெடுபிடி செய்ய, 1846 செப்டம்பரில் மக்கள் எழுந்து படையை வெளியேற்றினார்கள். டிசம்பர் 6 அன்று சான் பஸ்குவாலில் ஆந்த்ரேஸ் பிக்கோவின் குதிரைவீரர்கள், நீண்ட ஈட்டிகளோடு, மழையில் நனைந்த துப்பாக்கியும் களைத்த கோவேறு கழுதைகளுமாக வந்த கேர்னியின் படையைத் துவைத்து எடுத்தார்கள். சில வாரங்களில் பிக்கோவின் ஆட்கள் படை வலிமை குறைந்து 1847 ஜனவரி 13 அன்று கவெங்காவில் சரணடைந்தார்கள், ஆனால் அந்த உடன்பாட்டின் நிபந்தனைகள் மென்மையானவை: ஆயுதத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், யாருக்கும் தண்டனை இல்லை. டாவோஸுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை மனதில் வையுங்கள். பிக்கோ பெரிய பண்ணைக் குடும்பத்துக்காரர். டாவோஸில் எழுந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், பழங்குடிகள்.

ஒப்பந்தத்தைப் படிக்கும்போது, அடித்து நீக்கியதையும் சேர்த்துப் படியுங்கள்

குவாதலூப்பே இதால்கோ ஒப்பந்தம் இணையத்தில் முழுதாகக் கிடைக்கிறது, நீளமும் அதிகமில்லை. ஒன்றரைக் கோடி டாலர், 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் நிலம் என்ற எண்களை எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் நேராக 8, 9, 10ஆம் பிரிவுகளுக்குப் போங்கள்.

8ஆம் பிரிவு: அங்கே இருப்பவர்கள் இருக்கலாம், போகலாம், சொத்தை வைத்துக்கொள்ளலாம், விற்கலாம். மெக்சிகோ குடியுரிமை வேண்டுமென்றால் ஒரு வருடத்துக்குள் சொல்ல வேண்டும். சொல்லாமல் அங்கேயே இருந்தால் அமெரிக்கக் குடிமகனாகத் தேர்ந்துகொண்டதாக எடுத்துக்கொள்ளப்படும். மௌனம் சம்மதம் என்பதைச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். 9ஆம் பிரிவு: முழுக் குடிமக்களாகச் சேர்த்துக்கொள்ளப்படுவார்கள், எப்போது என்றால் அமெரிக்க நாடாளுமன்றம் தகுந்த நேரம் என்று நினைக்கும்போது. இந்த வரியை செனட் திருத்தி எழுதியது. நியூ மெக்சிகோ மாநில அந்தஸ்துக்கு 1912 வரை காத்திருந்தது என்பதோடு சேர்த்துப் படித்தால் அந்தத் திருத்தத்தின் எடை புரியும்.

10ஆம் பிரிவை உங்களால் அமலான ஒப்பந்தத்தில் பார்க்க முடியாது. மெக்சிகோ அரசு கொடுத்த நில மானியங்கள் செல்லும் என்று அது சொன்னது, செனட் 1848 மார்ச்சில் அதை முழுதாக அடித்துவிட்டது. மெக்சிகோ தரப்பு பதறியபோது, மே 26 அன்று கெரெதாரோவில் அமெரிக்கத் தூதர்கள் ஒரு விளக்கக் குறிப்பில் கையெழுத்துப் போட்டு, நீக்கியதால் மானியங்கள் செல்லாமல் போகாது என்று சமாதானம் சொன்னார்கள். பிறகு அமெரிக்க அரசு, அந்தக் குறிப்பு எங்களைக் கட்டுப்படுத்தாது என்றது. இந்த மூன்று காகிதங்களையும், அதாவது மூல வரைவு, செனட் திருத்தம், கெரெதாரோ குறிப்பு, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் பின்னால் வரும் ஐம்பது வருட வழக்குகளின் விதை கண்ணில் படும்.

போனவர்களையும் கணக்கில் சேருங்கள்

"தங்கியவர்கள் கதை" என்றே பெரும்பாலும் எழுதப்படுவதால் போனவர்கள் விடுபட்டுப் போகிறார்கள். ரியோ கிராண்டேயின் வடகரையில் இருந்த லாரெதோ அமெரிக்காவுக்குப் போனதும், சில குடும்பங்கள் ஆற்றைத் தாண்டி 1848இல் நுவேவோ லாரெதோவை உருவாக்கின. முன்னோரின் எலும்புகளையும் தோண்டி எடுத்துக்கொண்டு போனார்கள் என்பது அந்த ஊர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் செய்தி. மெக்சிகோ அரசும் திரும்பி வருபவர்களுக்கு நிலம் தருவதாக அறிவித்து, ரமோன் ஒர்த்திஸ் என்ற பாதிரியாரை 1849இல் நியூ மெக்சிகோவுக்கு அனுப்பியது. ஆட்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தயாராக இருந்தார்கள், அதைப் பார்த்து அமெரிக்க அதிகாரிகள் அவர் ஊர் ஊராகப் போவதைத் தடுத்துவிட்டார்கள்.

எல்லாவற்றிலும் கசப்பானது மெஸியா ஊரின் கதை. டோன்யா ஆனா என்ற ஊரில் இருந்த பல குடும்பங்கள், அமெரிக்க ஆட்சியில் இருக்க மனமில்லாமல், 1850 வாக்கில் பக்கத்தில் மெக்சிகோவின் பிடியில் இருந்த இடத்துக்குக் குடிபெயர்ந்து மெஸியாவை எழுப்பினார்கள். ரயில் பாதைக்காக அமெரிக்கா ஒரு கோடி டாலர் கொடுத்து இன்னொரு துண்டு வாங்கியது. 1854இல் மெஸியாவும் அமெரிக்காவாகிவிட்டது. விட்டுப் போனவர்களைத் துரத்திக்கொண்டு எல்லையே வந்துவிட்டது.

இப்போது நிலம்: ஒரே ஒரு மானியத்தைக் கடைசிவரை பின்தொடருங்கள்

நேரம் குறைவென்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டுமாவது செய்யுங்கள்.

கலிபோர்னியாவில் 1851இல் ஒரு சட்டம் வந்தது. மெக்சிகோ காலத்தில் நிலம் பெற்றவர்கள் எல்லோரும் ஒரு ஆணையத்தின் முன் வந்து தங்கள் உரிமையை நிரூபிக்க வேண்டும். கவனியுங்கள், நிலத்தில் வந்து குந்தியவன் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, தலைமுறையாக இருப்பவன்தான் நிரூபிக்க வேண்டும். ஆணையம் பெரும்பாலும் சான் பிரான்சிஸ்கோவில் உட்கார்ந்தது. 813 விண்ணப்பங்கள் வந்தன, அவற்றில் 604 ஏற்கப்பட்டன. இந்த எண்ணைப் பார்த்து "முக்கால்வாசி பேருக்கு நியாயம் கிடைத்ததே" என்று சிலர் சொல்வார்கள், நீங்களும் அங்கே ஏமாந்துவிடாதீர்கள். ஆணையம் ஒப்புக்கொண்டாலும் வழக்கு மேல்முறையீட்டுக்குப் போகும், பிறகு சர்வே, பிறகு பட்டா. சராசரியாக 17 வருடம். அதுவரை வக்கீல் சம்பளம், நில வரி, குந்தியவர்களோடு தகராறு. மாட்டுப் பண்ணையை நம்பி வாழ்ந்தவர்களிடம் மாடு இருக்கும், ரொக்கம் இருக்காது. 1861–62இல் பெருவெள்ளம், அதன் பின்னாலேயே கொடும் வறட்சி, மாடுகள் ஆயிரக்கணக்கில் செத்தன.

ரொக்கத்துக்கு எங்கே போவது? கடனுக்கு. இன்றைய லாஸ் ஏஞ்சலஸின் வடக்கே இருந்த சான் ரஃபாயேல் பண்ணையின் ஹூலியோ வெர்துகோ, 1861இல் பண்ணையை அடமானம் வைத்து 3,445 டாலர் வாங்கினார், வட்டி மாதத்துக்கு 3 சதவீதம், வட்டிக்கும் வட்டி. எட்டு வருடத்தில் கடன் 58,750 டாலர். ஒரு காகிதத்தை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள், கணக்கு சரியாகத்தான் வரும், யாரும் ஏமாற்றவில்லை. பண்ணை மட்டும் போய்விட்டது. அந்தக் குடும்பத்தின் உரிமையை எந்த நீதிமன்றமும் மறுக்கவே இல்லை என்பதுதான் இதில் விசேஷம். அதனால் "ஏற்கப்பட்டது" என்ற பட்டியலைப் பார்த்தால், பட்டா வந்த நாளில் அந்த நிலம் யார் கையில் இருந்தது என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

ஆணையத்தின் முன் வராமல் இருந்தவர்கள் கதி? 1889இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், விர்ஹெனேஸ் பண்ணைக்கு 1834இலேயே மானியம் பெற்ற தரப்பு, 1851 சட்டத்தின்படி விண்ணப்பிக்கவில்லை என்பதால் உரிமை போயிற்று என்று சொன்னது. எதிர்த்தரப்பு, நிலத்தில் குந்தியவர்கள். ஒப்பந்தத்தில் கொடுத்த வாக்கைச் சட்டம் மீறுகிறதே என்றால், அது நாடுகளுக்கு இடையிலான விவகாரம், நீதிமன்றத்தின் வேலை இல்லை என்றார்கள்.

நியூ மெக்சிகோவில் விதம் வேறு. அங்கே பல மானியங்கள் தனி ஆளுக்கு அல்ல, ஊருக்கு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீட்டுமனை, வாய்க்கால் பாசனத்தில் ஒரு துண்டு வயல். மிச்சமுள்ள மலை, காடு, மேய்ச்சல் நிலம் எல்லோருக்கும் பொது. விறகு, ஆட்டுத் தீவனம், வீடு கட்ட மரம் எல்லாம் அந்தப் பொது நிலத்திலிருந்துதான், அது இல்லாமல் அந்தத் துண்டு வயலை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. அமெரிக்கச் சட்டத்துக்கு இந்தப் "பொது" என்பது பிடிபடவில்லை, அல்லது பிடிபடாதது சிலருக்கு வசதியாக இருந்தது. வழக்காடிய வக்கீல்கள் சம்பளத்தை நிலமாகவே வாங்கினார்கள், மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதி. அப்படி ஒரு பங்கு கைக்கு வந்ததும், 1876இல் வந்த பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழ் ஒரே ஒரு பங்குதாரர் கேட்டாலும் பொது நிலம் முழுதையும் ஏலம் விட வைக்கலாம். சாண்டா ஃபே வளையம் என்று பேர்பெற்ற வக்கீல்–அரசியல்வாதி கூட்டம், அதில் தாமஸ் கேட்ரன் முதன்மை, இப்படித்தான் பல லட்சம் ஏக்கரில் கால் வைத்தது.

பின்தொடர ஒரு மானியம் சொல்லுங்கள் என்றால் சான் மிகுயேல் டெல் பாடோ. 1794இல் லொரென்சோ மார்க்கேஸும் அவரோடு 51 பேரும் சேர்ந்து வாங்கிய மானியம், பேகோஸ் ஆற்றங்கரை. மானியக் காகிதத்திலேயே நிலம் பொது என்று இருந்தது. சர்வே செய்தபோது சுமார் 3 லட்சத்து 15 ஆயிரம் ஏக்கர். 1897இல் உச்ச நீதிமன்றம், சாண்டோவால் வழக்கில், ஊருக்குப் பொது என்று இருந்த நிலம் உண்மையில் ஸ்பெயின் அரசுக்கே சொந்தம், அது மெக்சிகோவுக்கு வந்து அங்கிருந்து அமெரிக்காவுக்கு வந்துவிட்டது என்று முடிவு செய்தது. ஊர்க்காரர்கள் கையில் மிஞ்சியது சுமார் 5,000 ஏக்கர், வீட்டுமனையும் வாய்க்கால் வயலும். நூறு வருடம் ஆடு மேய்த்த மலை அரசு நிலமாகிவிட்டது.

தேடும்போது இரண்டு சிக்கல் வரும். ஊரின் பெயரை சிலர் பாடோ என்றும் சிலர் வாடோ என்றும் எழுதுவார்கள், இரண்டையும் போட்டுத் தேடுங்கள். சாண்டோவால் என்ற பெயரில் 1913இலும் ஒரு உச்ச நீதிமன்ற வழக்கு உண்டு, அது புவெப்லோ பழங்குடிகளின் நிலைமை பற்றியது, இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

1891 முதல் 1904 வரை இயங்கிய தனியார் நிலக் கோரிக்கை நீதிமன்றம் நியூ மெக்சிகோவில் கோரப்பட்ட சுமார் மூன்றரைக் கோடி ஏக்கரில் 20 லட்சத்துக்கும் குறைவாகவே உறுதி செய்தது. இந்த விகிதத்தை மேற்கோள் காட்டும்போது கொஞ்சம் நிதானம் தேவை, ஏனென்றால் கோரிக்கைகளில் மோசடியும் இருந்தது. ஜேம்ஸ் ரீவிஸ் என்ற அமெரிக்கன், பெரால்த்தா என்ற இல்லாத ஸ்பானியப் பிரபு வம்சத்தையே கற்பனையாக உண்டாக்கி, போலிக் காகிதம் தயாரித்து, அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் ஒரு கோடி ஏக்கருக்கு மேல் கேட்டான். 1895இல் நீதிமன்றம் தூக்கி எறிந்து, பிறகு சிறைக்கும் போனான். நிஜப் பத்திரம் வைத்திருந்தவர்கள் மேலேயே சந்தேகம் விழ இப்படிப்பட்டவர்களும் ஒரு காரணம்.

எதிர்ப்பைத் தேடும்போது துப்பாக்கியை மட்டும் தேடாதீர்கள்

துப்பாக்கி இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. 1859 ஜூலையில் பிரவுன்ஸ்வில் தெருவில், தன் அம்மாவின் பண்ணையில் முன்பு வேலை பார்த்த ஒருவரை நகரக் காவல் அதிகாரி அடிப்பதைப் பார்த்த ஹுவான் கோர்ட்டினா, அதிகாரியைச் சுட்டுவிட்டு அந்த ஆளைக் குதிரையில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்; செப்டம்பர் 28 அன்று திரும்பி வந்து ஊரையே பிடித்தார். அந்த ஊர் எழுந்த நிலமே அவர் தாய்வழிக் குடும்பத்தின் மானியத்தில் சேர்ந்தது. அவர் வெளியிட்ட அறிக்கைகளைப் படியுங்கள், அதில் வீரவசனத்தைவிட வக்கீல்கள் மேலுள்ள கோபம்தான் அதிகம்: சரிபார்க்கிறோம் என்று நிலப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு திருப்பித் தராதவர்களைப் பற்றிய கோபம். கோர்ட்டினா பற்றிய கொரிடோ எனும் கதைப் பாடல்கள் எல்லைப்புறத்தில் இன்றும் பேசப்படுகின்றன. பாடல் ஒரு மனிதனை எப்படி நினைவு வைத்திருக்கிறது என்பதற்கு அது நல்ல சாட்சி, என்ன நடந்தது என்பதற்கு அறிக்கையையும் ராணுவப் பதிவுகளையும் பாருங்கள்.

ஆனால் இதே காலத்தில் லாஸ் ஏஞ்சலஸில் பிரான்சிஸ்கோ ராமிரெஸ் என்ற 18 வயதுப் பையன் 1855இல் ஸ்பானிய மொழிப் பத்திரிகை ஒன்று தொடங்கினான், பெயர் எல் கிளாமோர் பூப்ளிகோ. அதை ஆண்டு வரிசையில் புரட்டிப் பார்ப்பது ஒரு தனிப் படிப்பு. அமெரிக்க அரசியல் சட்டத்தின் மேல் நம்பிக்கையோடு ஆரம்பித்து, கும்பல் தூக்கிலிடும் செய்திகளும், மெக்சிகோ மக்களைக் குறிக்கும் "கிரீசர்" என்ற வசைச்சொல்லைச் சட்டத்துக்குள்ளேயே எழுதிய 1855இன் நாடோடித் தடைச் சட்டமும் வரவர, கசந்துபோய், மெக்சிகோவின் சொனோரா மாநிலத்துக்கே போய்விடலாம் வாருங்கள் என்று அழைக்கும் அளவுக்கு வந்துவிடுகிறது. 1859இல் நின்றுவிட்டது. தங்கச் சுரங்கங்களில் 1850இல் போட்ட, மாதத்துக்கு 20 டாலர் அயலார் வரியின் விளைவையும் இதோடு சேர்த்துப் படிக்கலாம். பெயர் அயலார் வரி, வசூலித்தவர்கள் கலிபோர்னியாவிலேயே பிறந்தவனையும் பேச்சை வைத்து அயலான் ஆக்கினார்கள்.

நியூ மெக்சிகோவில் எனக்குப் பிடித்தது லாஸ் கோராஸ் பிளாங்காஸ், அதாவது வெள்ளைத் தொப்பிகள். 1889–90இல் சான் மிகுயேல் மாவட்டத்தில், ஊர்ப் பொது நிலத்தை முள்கம்பி போட்டு வளைத்தவர்களின் வேலியை இரவோடு இரவாக மைல் கணக்கில் வெட்டிப் போட்டவர்கள். தலைமை ஹுவான் ஹோசே ஹெரெராவும் அவர் தம்பிகளும்; ஹெரெரா தொழிற்சங்கத்தில் வேலை செய்து பழகியவர். அதனால்தான் இவர்கள் வேலி மட்டும் வெட்டவில்லை, ரயில் பாதைக்கு மரக்கட்டை வெட்டுபவர்களுக்குக் கூலி உயர்வும் கேட்டார்கள், 1890 மார்ச்சில் தங்கள் கோரிக்கையை அச்சடித்து ஊரெல்லாம் ஒட்டினார்கள், அதே வருடம் ஒரு மக்கள் கட்சி கிளம்பித் தேர்தலில் ஜெயித்து, பாப்லோ ஹெரெரா சட்டமன்றத்துக்குப் போனார். வேலியை வெட்டியவர்களைப் பிடித்தாலும் தண்டிக்க உள்ளூர் ஜூரி கிடைக்கவில்லை, ஜூரியில் உட்கார்பவர்களும் அதே ஊர்க்காரர்கள்தானே.

எல் பாசோ அருகே 1877இல் நடந்த உப்புச் சண்டையும் இதே வகை. மலையடிவார உப்புப் படுகைகள் எல்லோருக்கும் பொது, வண்டி கட்டிப் போய் அள்ளி வரலாம் என்பது பழைய வழக்கம். சார்லஸ் ஹோவர்ட் அதைத் தன் தரப்புக்குப் பதிவு செய்து விலை கேட்டார். சான் எலிசாரியோ மக்கள் கிளர்ந்து டிசம்பரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள், அவருக்குக் காவலாக வந்த டெக்சாஸ் ரேஞ்சர் பிரிவு சரணடைந்தது. பிறகு பழிவாங்க வந்தவர்கள் செய்த கொடுமை பெரிது, ஏராளமானோர் ஆற்றைத் தாண்டி ஓடினார்கள், கடைசியில் உப்புக்குக் காசு கொடுக்க வேண்டியதாயிற்று.

சத்தமில்லாத பதில்களும் உண்டு. 1894இல் டூசானில் தொடங்கிய அலியான்சா ஹிஸ்பானோ அமெரிகானா போன்ற பரஸ்பர உதவிச் சங்கங்கள், மாதச் சந்தா வாங்கி இறந்தவர் குடும்பத்துக்குப் பணம் கொடுத்தன. வாய்க்கால் பங்கீட்டை ஊரே கூடி நடத்தும் அசேக்கியா முறை நியூ மெக்சிகோவில் இன்றைக்கும் நடக்கிறது.

வாக்குமூலங்களை யார் கேட்டு வாங்கினார்கள் என்று பாருங்கள்

1870களில் சான் பிரான்சிஸ்கோ புத்தக வியாபாரி ஹியூபர்ட் பேன்க்ராஃப்ட் தன் கலிபோர்னிய வரலாற்றுக்காக ஆட்களை அனுப்பிப் மெக்சிகோ காலத்துப் பழைய கலிபோர்னியோ குடும்பங்களிடம் வாக்குமூலம் எழுதி வாங்கினார். இன்று அவை பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன, பல மொழிபெயர்ப்பிலும் கிடைக்கும். மரியானோ வயேஹோ கொடுத்தது ஐந்து தொகுதி. அமெரிக்காவோடு சேருவதே நல்லது என்று நினைத்த மனிதரை 1846 ஜூனில் கரடிக்கொடிக் கலகக்காரர்கள், அதாவது மெக்சிகோ ஆட்சிக்கு எதிராக எழுந்த அமெரிக்கக் குடியேறிகள், சொனோமாவில் எழுப்பிக் கைது செய்து கொண்டுபோனார்கள்; அந்த முரண் அவர் பேச்சு முழுக்க ஓடுகிறது.

அவர் தங்கை ரொசாலியா கொடுத்தது சில பக்கம்தான், ஆனால் முதலில் அதைப் படியுங்கள். கணவரே அமெரிக்கர். கர்ப்பமாக இருந்தபோது, ஒரு கடிதம் எழுதித் தராவிட்டால் வீட்டையும் உள்ளே இருப்பவர்களையும் கொளுத்துவோம் என்று மிரட்டிக் கலகக்காரர்கள் எழுத வைத்ததைச் சொல்கிறார். அதனாலேயே அவர்கள் மொழியைக் கற்றுக்கொள்ள மனம் வரவில்லை என்கிறார். நடந்து 28 வருடம் ஆகியும் கோபம் ஆறவில்லை. அப்போலினாரியா லொரென்சானா என்ற மூதாட்டி, சான் டியேகோ மிஷனில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர், 1878இல் பேசியபோது பார்வை போய்விட்டது, கையில் எதுவும் இல்லை; சொந்தமாக இருந்த பண்ணைகள் எப்படிப் போயின என்று வரும்போது அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை என்று கடந்துவிடுகிறார். எழுதி எடுத்தவர் யார், என்ன கேள்வி கேட்டார், எந்த இடத்தில் பேச்சு நின்றது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே படித்தால் இந்த வாக்குமூலங்கள் நிறையச் சொல்லும்.

"மெக்சிகோ மக்கள்" என்ற சொல்லுக்குள் யார் யார்

கோர்ட்டினாவை எதிர்த்துப் படை நடத்தி 1861இல் முறியடித்தவர் லாரெதோவின் சான்டோஸ் பெனாவிதெஸ், அவரும் மெக்சிகோ வம்சம்தான். பணக்காரக் குடும்பங்கள் பல வந்தவர்களுக்குப் பெண் கொடுத்து, கூட்டு வியாபாரம் செய்து நிலத்தைக் காப்பாற்றப் பார்த்தன. நிறமும் குறுக்கே வந்தது: 1849இன் கலிபோர்னிய அரசியல் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட மனுவேல் தொமிங்கேஸ், 1857இல் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல எழுந்தபோது, பழங்குடி ரத்தம் உள்ளவர் என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டார்.

பழங்குடிகளை விட்டுவிட்டுப் படித்தால் படிப்பு பாதிதான். ஸ்பெயினும் மெக்சிகோவும் கொடுத்த மானியங்களே அப்பாச்சி, கொமான்ச்சே, யூட் மக்களின் நிலத்தின்மேல் கொடுத்தவை. கலிபோர்னியப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் பழங்குடிகள், 1850இல் மாநிலம் போட்ட சட்டம் அவர்களைக் கட்டாய வேலைக்குத் தள்ளியது. நிலம் இழந்த ஒரு பண்ணைக் குடும்பத்தின் துயரத்தைப் படிக்கும்போது அதே பண்ணையில் கூலியில்லாமல் உழைத்தவர் யார் என்றும் கேளுங்கள்.

எங்கே நிறுத்துவது என்றால், 1904இலும் நிறுத்த முடியாது. 1967 ஜூன் 5 அன்று ரெயெஸ் லோபெஸ் திஹெரினாவின் ஆட்கள் மானிய நிலத்தைக் கேட்டு டியெர்ரா அமரியா நீதிமன்றக் கட்டடத்துக்குள் ஆயுதத்தோடு புகுந்தார்கள். 2004இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் நியூ மெக்சிகோ ஊர் மானியங்களைப் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. நடைமுறைகள் அன்றைய சட்டப்படி சரி என்று சொல்லிவிட்டு, நியாயம் பற்றிக் கவலை இருந்தால் என்னென்ன செய்யலாம் என்று சில வழிகளையும் அடுக்கியது, எதுவுமே செய்யாமல் விடுவதும் அந்த வழிகளில் ஒன்று. மானியங்களின் பட்டியல், ஏக்கர் கணக்கு எல்லாம் அதில் ஒரே இடத்தில் இருப்பதால் உபயோகமானது. அதை முதலில் எடுக்காமல், ஒரு மானியத்தை நீங்களாகவே பின்தொடர்ந்து முடித்த பிறகு எடுத்து, உங்கள் ஊருக்கு எதிரே என்ன எண் போட்டிருக்கிறது என்று பாருங்கள்.